போணிக்கு வந்த கை

எங்கள் மேனேஜருக்குக் காலை ஆறரை மணிக்கு ஞானம் வரும். வந்த சூட்டோடு அதை வாய்ஸ் மெசேஜாக்கி குரூப்பில் போட்டுவிடுவார். நான் ஒரு கை அடுப்பிலும் ஒரு கை மகளின் ஜடையிலுமாக நிற்கும்போது போன் பேசத் தொடங்கும். "குட் மார்னிங் டீம். இன்னைக்கு ஒரு டிப். கஸ்டமர் பேரைத் தெரிஞ்சுக்கோங்க. பேசும்போது நடுநடுவுல அந்தப் பேரைச் சொல்லுங்க. ஆள் அப்படியே இம்ப்ரெஸ் ஆயிடுவார்."

எங்கள் பக்கத்தில் வயதில் பெரியவரை நடுநடுவே பேர் சொல்லிக் கூப்பிட்டால் இம்ப்ரெஸ் ஆகமாட்டார். செருப்பு எங்கே என்று தேடுவார். இதை அவரிடம் சொல்ல முடியுமா? "சூப்பர் சார்" என்று டைப் செய்துவிட்டு ஜடையைப் பின்னி முடிப்பேன்.

நான் விற்பது சீல் போடும் மிஷின். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கவரின் வாயை உள்ளே வைத்து மேல் கைப்பிடியை அழுத்தினால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கடை மிஷினை வாங்கிவிட்டால் கவரும் நம்மிடமேதான் வாங்கும். லாபமே கவரில்தான். கம்பெனி வேலூரில் இருக்கிறது, நான் போளூரில் இருக்கிறேன். ஜவ்வாது மலையில் தேனும் சாமையும் புளியும் பாக்கெட் போட்டு விற்கும் கடைகள் பெருகிவிட்டன என்று மேனேஜர் எங்கேயோ பார்த்துவிட்டு, "நீங்க லோக்கல்தானே மேடம்" என்று ஜமுனாமரத்தூரை என் தலையில் கட்டினார். சென்னைக்காரருக்கு மலையும் ஒன்று, அடிவாரமும் ஒன்று. மற்ற பையன்கள் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கிறார்கள் என்பதுதான் உண்மைக் காரணம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்த சீசனுக்குள் மலையில் ஆர்டர் பிடிக்காவிட்டால் அந்த ஏரியாவை மூடிவிட்டு என்னை ஓசூருக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்காரருக்கு போளூர் ரைஸ் மில்லில் வேலை. நான் எங்கே ஓசூருக்குப் போவது? மாற்றல் என்று அவர் சொன்னதை வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். என் சம்பளம் நின்றால் மகளின் காலேஜ் பேச்சும் நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மலைக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாள் டிப்: "முதல்ல போறவன்தான் ஜெயிப்பான். கடை திறக்கும்போது நீங்க அங்க நிக்கணும். லொகேஷன் அனுப்புங்க." அனுப்பினேன். விடிந்தும் விடியாமலும் பஸ் பிடித்து, குளிரில் விறைத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகையும் மலைச் சரக்கும் சேர்த்து விற்கும் ஒரு கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"இன்னாம்மா வேணும்?"

"அண்ணா, வேலூர் கம்பெனியில இருந்து வர்றேன். கவருக்கு சீல் போடுற மிஷின்…"

ஊதுபத்தி பிடித்த கை அப்படியே நின்றது. "இன்னும் போணியே ஆவல. அதுக்குள்ள விக்க வந்து நிக்கிறியே. எந்த ஊரும்மா நீ?"

"போளூர் பக்கம்ணா."

"போளூர் பக்கம் போணின்னா இன்னான்னு தெரியாதா?"

தெரியாமல் என்ன? நாளின் முதல் வியாபாரம் நல்லபடியாக ஆகவேண்டும், அதற்கு முன்னால் கல்லாவிலிருந்து ஒரு பைசா வெளியே போகக்கூடாது என்பது பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவரும் தமிழ்நாட்டில்தான் பிறந்தார். ஆனால் எந்த ட்ரெயினிங்கிலும் போணி பற்றி ஸ்லைடு இல்லை. நான் லொகேஷன் அனுப்பவேண்டுமே என்ற பதற்றத்தில் போய் நின்றுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவசரமாகப் பர்ஸைத் திறந்து, "ஒரு கட்டு தீப்பெட்டி குடுங்கண்ணா" என்றேன். வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றி, தராசில் தொட்டு, கல்லாவில் போட்டார். அப்புறம் மிஷின் பேச்சை எடுத்தேன். "பாக்கலாம்மா" என்றார். பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். அதற்கு அகராதி வேண்டாம்.

அந்த வாரம் அதோடு போயிற்று. அடுத்த சந்தை நாளில் போனபோது, தெருமுனையிலேயே அவர் குரல் கேட்டது. "எம்மா, தீப்பெட்டி வாங்குன அம்மா! வாங்க வாங்க!" போன தடவை 'நீ', இந்தத் தடவை 'வாங்க'. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போணி செய்த அன்றைக்கு, அருவி பார்க்க வந்த ஒரு டூரிஸ்ட் வேன் கடை வாசலில் பஞ்சராகி நின்றுவிட்டதாம். இறங்கின கூட்டம் அத்தனையும் தேனை அள்ளிக்கொண்டு போனதாம். "உங்க கை ராசியான கைம்மா. இன்னைக்கும் இன்னாத்தையாவது ஒண்ணு எடுங்க."

பஞ்சர் போட்டது ஏதோ ஒரு ஆணி. பேர் வாங்கியது என் கை. கற்பூரம் ஒரு பாக்கெட் எடுத்தேன். அன்றைக்கும் அவருக்கு நல்ல வியாபாரம். சந்தை நாளில் யாருக்குத்தான் வியாபாரம் ஆகாது? ஆனால் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை எந்த சேல்ஸ்காரரும் பட்டிருக்கமாட்டார். பஸ்ஸை விட்டு இறங்கினால் இந்தப் பக்கம் ஒரு குரல், அந்தப் பக்கம் ஒரு குரல். "யக்கா, இங்க வந்துட்டு போங்க!" "மொதல்ல நம்ம கடை!" நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து ஷேர் ஜீப்பில் புளிமூட்டையோடு வந்து இறங்கியவர்கள்கூட, யார் இந்த அம்மா, எம்.எல்.ஏ. சம்சாரமா என்று பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கடையிலும் ஏதாவது ஒன்று வாங்கினேன். வாங்கித்தானே ஆகவேண்டும், பேச்சு கொடுக்க வேறு வழி? சொட்டு நீலம், சீப்பு, சேஃப்டி பின், பாத்திரம் தேய்க்கும் நார். வீட்டில் பரண் நிறைந்தது. வீட்டுக்காரர் ஒருநாள், "நீ விக்கப் போறியா, வாங்கப் போறியா?" என்று கேட்டார். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

ஏனென்றால் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. போணி முடிந்து நான் பையின் ஜிப்பில் கை வைத்தால் போதும், எல்லோர் முகமும் வேறு பக்கம் திரும்பிவிடும். கடைசியில் அந்த முதல் கடைக்காரரிடமே நேராகக் கேட்டேன். "அண்ணா, இவ்ளோ மரியாதை குடுக்குறீங்க. ஒரு மிஷின் எடுத்தா இன்னா?"

அவர் சங்கடப்பட்டார். குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். "உங்க கையில இருந்து எங்க கல்லாவுக்கு வந்தா ராசிம்மா. எங்க கல்லாவுல இருந்து எடுத்து உங்க கைக்குக் குடுத்தா? வந்த ராசியெல்லாம் உங்க கூடவே பஸ் ஏறிப் போய்டாதா?"

இந்தக் கணக்குக்கு நான் என்ன பதில் சொல்வது? விலை அதிகம் என்றால் பேசலாம். கரண்ட் இல்லை என்றால் பேசலாம். நீ நல்லவள், அதனால் உன்னிடம் வாங்கமாட்டேன் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? இதை அப்படியே மேனேஜரிடம் போனில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எக்ஸலெண்ட் மேடம்! செம ராப்போர்ட் பில்ட் பண்ணிட்டீங்க. இனிமே க்ளோஸிங் மட்டும்தான். நானே வர்றேன்" என்றார். வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "மலையில குளிரும் சார்" என்றேன். ஜாக்கெட் இருக்கிறது என்றார்.

வந்தார். காரில் வந்தார். கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து மலர்ந்து, "வாங்கம்மா, உங்களுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்" என்றார். நான் பர்ஸை எடுப்பதற்குள் மேனேஜர் கையைக் காட்டித் தடுத்தார். "இருங்க மேடம். நான் ஓப்பன் பண்றேன்."

ஓப்பன் செய்தார். ஒரு தேன் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தார். விலை கேட்டார். கடைக்காரர் சொன்னார். "ஆன்லைன்ல இதைவிடக் கம்மியாச்சே" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். போணிக்கு எடுத்ததைத் திருப்பி வைத்தார்! அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அது இருக்கட்டும் சார். உங்க பிசினஸ்ல உங்களோட பெரிய பெயின் பாயிண்ட் எது?" என்று கேட்டார்.

"பெயினா? ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப வரைக்கும்" என்றார் கடைக்காரர்.

நான் பாய்ந்து போய், "அண்ணா, அந்தத் தேனை எனக்குக் குடுங்க" என்றேன். அவர் என் காசைத் தொடவில்லை. "வேணாம்மா. மொத கை வெச்சித் திருப்பி வெச்சாச்சு. இனிமே எடுத்தா இன்னா, எடுக்காட்டி இன்னா." இவ்வளவும் நடந்த பிறகு மேனேஜர் காரில் உட்கார்ந்து, "வெரி பாசிட்டிவ் ஆள்" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்தக் கையைக் கடித்து வைத்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அன்றைக்கென்று மத்தியானம் மழை கொட்டியது. மலைப்பாதையில் மரம் விழுந்து ஒரு வண்டிகூட மேலே வரவில்லை. தெருவே ஈ ஓட்டியது. மரத்தை நான்தான் போய்த் தள்ளிவிட்டேன் என்பதுபோல் ஆகிவிட்டது. அந்த சாரைக் கூட்டிக்கொண்டு வந்தது யார்? நான்தானே? அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒரு குரல் இல்லை. சீப்பு விற்ற கடைக்காரர் என்னைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேடினார். "கைராசி கெட்டுப்போச்சு" என்று ஒரு அம்மா பக்கத்துக் கடையில் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

இத்தனை நாள் எந்தத் தொல்லை ஒழியாதா என்று புலம்பினேனோ, அது ஒழிந்ததும் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கூப்பிட ஆள் இல்லாத தெருவில் கையில் ஒரு மிஷின் பையோடு நடப்பது அத்தனை சுலபமில்லை. சீசன் முடியப் போகிறது. கையில் பூஜ்யம். ராசியும் போய்விட்டது, வேலையும் போகப் போகிறது. மகளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே டீக்கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட இனி என்ன இருக்கிறது? வெயில் நன்றாக ஏறி, சந்தைக் கூட்டம் தணிந்த பிறகுதான் எழுந்து அந்த முதல் கடைக்குப் போனேன். விற்கப் போகவில்லை. அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

சொல்ல விட்டால்தானே? பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா ஆளு அவன்? நக்கிப் பாத்துட்டு வெக்கிறான்! எங்க அப்பா காலத்துல இருந்து இந்தக் கடையில அப்படி நடந்தது இல்ல. அன்னைக்குப் பூரா ஒத்தை வியாபாரம் இல்ல." நான் ஒரு சாமை மூட்டைமேல் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் மழையைத் திட்டினார், ஆன்லைனைத் திட்டினார், மேனேஜரின் ஷூவைத் திட்டினார். திட்டு மெல்லத் தடம் மாறி, போளூர் கடைக்காரன் ஒருவன் புளி பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்ட கதைக்கு வந்தது. கவர் பிரிந்துகொள்கிறதாம், எறும்பு ஏறுகிறதாம். இத்தனை வாரம் நான் தீப்பெட்டியும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு நின்றபோது இதை ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. ராசிக்காரியிடம் யார் குறையைச் சொல்வார்கள்?

உள்ளே அவர் சம்சாரம் தரையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, கவரின் வாயை இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடில் மடித்துச் சுடரில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு கவர் எரிந்து கருகியது. "சனியனே" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். பேசினால் மேனேஜர் மாதிரி ஏதாவது வந்துவிடும் என்று பயமாக இருந்தது. மிஷினை எடுத்து அவர் பக்கத்தில் வைத்து, "பிளக் எங்க அண்ணி?" என்று மட்டும் கேட்டேன்.

ஒரு பாக்கெட் நான் போட்டேன். இரண்டாவதை அவரே பிடுங்கிப் போட்டார். போட்டவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், கடைசியில் மணைபோல் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். புளி நசுங்கியது, கவர் பிரியவில்லை. உட்கார்ந்தபடியே, "இத்த இங்கயே வெச்சிட்டுப் போம்மா" என்றார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். விலை கேட்டார். சொன்னேன். கல்லாவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, மனம் லேசானவராகச் சொன்னார். "இப்பதான் உங்க கையில ராசி ஒண்ணும் இல்லியே. குடுத்தா இன்னா போய்டப் போவுது?"

இதைக் கேட்டுக் கோபப்படுவதா, காலில் விழுவதா? இரண்டும் செய்யாமல் காசை வாங்கிக்கொண்டேன். அந்த நியாயம் தெரு முழுக்கச் செல்லுபடியானது. ராசி போன கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சீப்புக் கடை, நீலம் விற்ற கடை, பெண்கள் சங்கம் ஒன்று. நான் காலையில் போவதையே விட்டேன். வெயில் ஏறியபிறகு போய், மூட்டைமேல் உட்கார்ந்து, அவர்கள் திட்டுவதைக் கேட்டேன். திட்டத் தொடங்கிய கடைக்காரர் வாங்காமல் விட்டதே இல்லை. "வாங்கிக்கிறீங்களா?" என்று நான் யாரையும் கேட்கவில்லை. பிளக் எங்கே என்று மட்டும் கேட்டேன். சேல்ஸில் எனக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான்.

சீசன் முடிவதற்குள் ஏரியா மூடப்படாத அளவுக்கு ஆர்டர் சேர்ந்துவிட்டது. அப்பாடா என்று நினைத்த மறுவாரமே முதல் கடைக்காரர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "எம்மா, மிஷின் வந்ததுல இருந்து பாக்கெட் சும்மா பறக்குது. போளூர்க்காரன் திரும்பவும் கேட்டுட்டான். உங்க கைராசி திரும்பிடுச்சும்மா! வாராவாரம் காலையில வந்து போணி பண்ணிட்டுப் போங்க."

"வர்றேண்ணா. கவர் தீந்திருக்குமே, எவ்ளோ அனுப்பட்டும்?"

"கவரா…" என்று இழுத்தார். "அத்த அப்புறம் பாக்கலாம்மா. ராசி இப்பதான் திரும்பியிருக்குது. ஒடனே உங்க கைக்குத் தூக்கிக் குடுக்கணுமா?"

போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டேன். லாபமே கவரில்தான். கவர் ஆர்டர் நின்றால் அடுத்த சீசனில் மறுபடியும் ஓசூர். எத்தனை தடவை இந்தக் கையைக் கழுவுவது?

இந்த நிலையில்தான் வேலூரில் மீட்டிங். மேனேஜர் எழுந்து நின்று, மலை ஏரியாவின் வெற்றியைப் பற்றிப் பேசினார். "மேடம் நல்லா எஃபர்ட் போட்டாங்க. ஆனா ஐஸ் உடைஞ்சது என்னோட ஜாயிண்ட் விசிட்லதான். அதுவரைக்கும் ஒரு ஆர்டர் இல்ல. என் விசிட்டுக்கு அப்புறம்தான் எல்லாமே." கூட்டம் கைதட்டியது. நான் மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் சீப்பு வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான விஷயம் இது, இதுவும் அவருக்கு ஏன் என்று தெரியாது.

மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் வந்தார். "மேடம், நான் இனிமே மாசாமாசம் மலைக்கு வரலாம்னு இருக்கேன். உங்களுக்கு டிஸ்டர்பன்ஸ் இல்லையே?"

நான் அவரை நன்றாகப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ, தேன் பாட்டிலுக்குள் போன அந்த விரல். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, மனதாரச் சொன்னேன்.

"அவசியம் வாங்க சார். கடை திறக்குற நேரத்துக்கே வந்துடுங்க."